டீசல் கிண்ணத்துக்குப் போன தோடு

அன்றைக்குத் தர்மபுரி வண்டி ரிப்பேர் ஷெட்டில் இருந்தது ஐந்து பேர்தான். நான், என் மனைவி, ஒன்றரை வயசு மகள், நல்லம்பள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த மனைவியின் தம்பி, ஷெட்டுக்காரர் மெக்கானிக் பாய். பழியைப் பங்கு போட்டுக்கொள்ள வேறு ஆள் உண்டா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இல்லை.

எங்களுக்கு அப்போது, எண்பதுகளில், வூடு என்பது ஒரு பழைய டீசல் வேன். கூரைமேல் குடைராட்டினத்தின் குதிரைகள்; உள்ளே கட்டில், ஸ்டவ், மகளுக்குத் தூளி. திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் போட்டுப் பிழைத்தோம். நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். கணக்கு வராது, பயம் மட்டும் நன்றாக வரும். அந்த வருஷம் ஏற்றத்தைக் கண்டாலே பயம். இரண்டு தடவை ஏற்றத்தில் இன்ஜின் நின்று வேன் பின்னால் உருண்டது. மனைவி குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் போட்டாள். அடுத்து ஆடிப்பெருக்குக்கு மலைச்சாலையில் ஒகேனக்கல் இறங்கவேண்டும். அங்கேயே ஆற்றங்கரையில் மகளுக்குக் காதுகுத்து.

மச்சான் வந்தது அதற்குத்தான். தாய்மாமன் சீராகத் தோடு வாங்க நானூறு ரூபாயை என் கையில் வைத்தார்.

“நீங்களே பாத்து எடுங்க மாமா. நான் போனா கவரிங்கைக் குடுத்து ஏமாத்திப்புடுவாங்க.”

“ஏமாறுறவன்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்குதுடா” என்றாள் அக்காக்காரி.

மச்சான் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பாய் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எங்கள் வேனுக்குள் ஏறுவார், குடும்பம் இருக்கிற இடம் என்று. சீட்டுகளுக்கு நடுவே இருந்த இன்ஜின் மூடியைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி ஒரு டப்பாவில் கவிழ்த்தார். கறுப்பாக வழுவழுவென்று என்னவோ விழுந்தது. அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

“என்னங்க ராட்டினக்காரரே, இது டீசலா ஏரித்தண்ணியா? மீன் மட்டுந்தான் இல்ல.”

“பங்க்குலதாங்க அடிக்கிறேன்.”

அது பொய். திருவிழா மைதானங்களில் டின்னில் மலிவாகக் கிடைப்பதைத்தான் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். பாய் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “இந்த ஒத்தை ஃபில்டர் தாங்காது. லாரிக்குப் போடுற ரெட்டை ஃபில்டரு, அதுக்கு முன்னால தண்ணியைப் பிரிக்கக் கண்ணாடிக் கிண்ணம். சாமான் கூலி எல்லாம் சேத்து நானூறு ஆவும். குழந்தையோட எறங்குறீங்க, ஏறி வரணுமில்ல?”

நானூறு. சட்டைப்பையில் அது சூடாக இருந்தது. மனைவி குடத்தோடு திரும்பி வருவதற்குள் கொடுத்துவிட்டேன்.

“பணத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?” என்றாள் புது ஃபில்டரைப் பார்த்து.

“கையில இருந்துச்சு.”

பணம் கையில் இருந்ததென்னவோ நிஜம்தானே என்று அன்றைக்கெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிண்ணத்தை வண்டிக்குக் கீழே மாட்டினால் சேறு அடிக்கும் என்று உள்ளேயே, டிரைவர் சீட்டுப் பக்கம் மாட்டினார் பாய். “சமைக்கிற எடத்துல டீசல் கிண்ணமா? ஒருநாள் ரசத்துல ஊத்திடப் போறேன்” என்றாள் மனைவி. பாய் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, காற்றுக் குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட்டார். இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது.

பென்னாகரத்தில் கவரிங் தோடு வாங்கினேன். ஆடிப்பெருக்கன்று மச்சானும் வந்துவிட்டார். ஆற்றங்கரையில் காது குத்த வந்த ஆசாரி கேட்டார். “தங்கந்தானுங்களே? பச்சைக் காது.” நான் தலையாட்டினேன். மகள் மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். மச்சான் தோட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

மூன்றாம் நாள் இரண்டு காதும் வீங்கிச் சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்தது. ராட்டினத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வேன் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது. அது நன்றாக ஏற ஏற நான் குழந்தையின் காதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். மடியில் குழந்தையோடு மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் ஒரு விரல் தண்ணீர்.

“நல்லவேளைங்க, இதை மாட்டுனீங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தோட்டைக் கழற்றிப் பார்த்துக் கத்தினார். “பச்சைப்புள்ளை காதுல கவரிங்கா?”

மனைவி என் பக்கம் திரும்பினாள். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். “எங்க வூட்டுக்காரரைக் கடையில ஏமாத்திட்டாங்க” என்றாள் நர்ஸம்மாவிடம். வெளியே வந்த பிறகுதான், “என் தம்பிகிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாள்.

தீபாவளிக்குப் போனபோது சொன்னேன். “வண்டி ஏறுச்சில்ல மாமா, வுடுங்க” என்றார் மச்சான். மகளுக்குக் காது தூர்ந்துபோயிருந்தது. மறுவருஷம் அவரே தங்கத் தோடு எடுத்துவந்து மறுபடி குத்தினார். பணத்தை நான் எத்தனை தடவை நீட்டியும் அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் நான் அவருக்குத் தரவேண்டியது நானூறு ரூபாய்.