நுரை அடங்கிய எண்ணெய்

யுத்தம் நடந்த வருஷங்களில் இஞ்சின் எண்ணெய் கிடைப்பது அருமையாகிவிட்டது. ராசிபுரத்துக்கு வெளியே ஓர் அரிசி மில்லில் நான் இஞ்சின் டிரைவராக இருந்தேன். ஓடிக் கறுத்த எண்ணெயை வடித்தெடுத்து, சுத்தம் செய்து, மறுபடியும் அதே இஞ்சினுக்கு ஊற்றவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இஞ்சினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது. மீதியை நானே தடவித் தடவிக் கண்டுகொண்டேன்.

வடித்த எண்ணெய் நுரையும் புகைவாடையுமாக வரும். நுரையோடு ஊற்றினால் பேரிங்குக்கு எண்ணெய்க்குப் பதில் காற்றுதான் போகும். அதனால் ஒரு தகரத்தை வெயிலில் சரிவாகச் சாய்த்துவைத்து, மேல் ஓரத்திலிருந்து எண்ணெயை மெல்லியதாக வழியவிடுவேன். சுடுகிற தகரத்தில் பரந்து இறங்கும்போது குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். கீழே சேர்ந்ததைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய கசடைச் சீமெண்ணெயில் அலசி, வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பிப் பார்ப்பேன். உள்ளே எது தேய்கிறதோ அதன் பொடி அங்கே கிடக்கும். இரும்பானால் காந்தத்தில் ஒட்டும். மற்றதைக் கண்ணால்தான் தீர்மானிக்கவேண்டும்.

இஞ்சின் அறை மில்லுக்குப் பின்னால் தனியாக இருந்தது. சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பெல்ட் மட்டும் அந்தப் பக்கம் போகும். அங்கே ஆட்கள், பேச்சு, சிரிப்பு. இங்கே நானும் இரைச்சலும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜலகண்டாபுரத்தில் அப்பாவும் அண்ணனும் தறி நெய்துகொண்டிருந்தார்கள். என் கடிதத்தைத் தபால்காரர்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். தெருவே நின்று கேட்கும். சௌக்கியம் என்பதற்கு மேல் அதில் எழுத எனக்கு வாய்த்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் தட்டில் மஞ்சளாக மின்னும் துணுக்குகள் கிடந்தன. காந்தத்தில் ஒட்டவில்லை. தண்டு சுழலும் பித்தளை வளையமான புஷ் தேய்கிறது என்று முடிவுகட்டி, நடு வேலையில் இஞ்சினை நிறுத்திவிட்டேன். ஒரு பகல் முழுக்கப் பிரித்துப் பார்த்தோம். புஷ் புதிது போல இருந்தது. மில் மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி, "படிச்ச தம்பிக்கு எண்ணெயிலயும் எழுத்துத் தெரியுதாட்ட இருக்குதுங்க" என்றார். அடுத்த முறை இஞ்சின் காரணமில்லாமல் நின்றால் நான் ஊருக்குப் போய்விடலாம் என்று முதலாளி அவரிடம் சொல்லியனுப்பினார்.

எல்லோரும் போனபின் அந்தத் துணுக்குகளில் ஒன்றை ஊசியால் நிமிர்த்தினேன். சுருள் பிரிந்தது. உள்ளே ஒரு பட்டிழை. ஜரிகை. வடிகட்ட நான் ஊரிலிருந்து கொண்டுவந்த துணியெல்லாம் அப்பாவின் தறியில் மிஞ்சிய வேட்டித் துண்டுகள். நடந்து பழகிய நாளிலிருந்து பார்த்த ஜரிகையை நான் பித்தளை என்று எண்ணியிருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்கவாவது ஓர் ஆள் வேண்டுமே என்று இருந்தது. அன்றோடு அந்தத் துணியை விட்டேன். கடையில் முரட்டுக் காடாத் துணி வாங்கிக்கொண்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது தட்டில் மறுபடியும் மினுமினுப்பு. இந்த முறை வெள்ளை. முதலில் அது குமிழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெயை இரண்டாம் தடவை தகரத்தில் வழியவிட்டேன். நுரை அடங்கிற்று, மினுமினுப்பு அடங்கவில்லை. ஒரு செதிலை நகத்தால் அழுத்தினேன். ஈயம் போல நசுங்கியது. பிஸ்டனையும் கிராங்குத் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு உள்ளே வார்த்திருக்கும் வெள்ளை உலோகம் அது. அது முழுக்க உதிர்ந்தால் ராடு உடைந்து இஞ்சின் கூட்டையே பிளந்துவிடும்.

வெளியே புது நெல்லோடு இருபது வண்டிகளுக்கு மேல் நின்றன. இஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை. அந்தத் தட்டைத் தவிர எனக்குச் சாட்சி கிடையாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, எரியெண்ணெய் வரும் குழாயை மூடினேன். சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா?"

"நிறுத்திப்போட்டேனுங்க. பேரிங் உதிருதுங்க."

"போன தடவையும் இதையேதானே சொன்னே?"

"அது நான் பண்ணுன தப்புங்க. இது பேரிங்குங்க."

"இல்லாட்டி?"

"இன்னைக்கே ஊருக்குப் போயிடறேனுங்க."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரியும் நானும் பிரித்தோம். கடைசி போல்ட்டை மேஸ்திரி கழற்றினார். பேரிங்கின் மூடி கையோடு வந்தது. உள்ளே வெள்ளைப் பூச்சு, கோடையில் வற்றிய ஏரிபோல வெடித்துக் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து ஆடியது.

முதலாளி அந்த மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேலத்தில் இதை வார்க்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். பொங்கலுக்குப் பின்தான் ஆகும் என்றேன். தோள்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நல்ல வேளை என்று அவரும் சொல்லவில்லை, மேஸ்திரியும் சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இஞ்சின் வெடித்திருந்தால் ஊரே கண்டிருக்கும். வெடிக்காமல் போனதைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் கிராங்கில் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வண்டிக்காரர் அறைக்குள் தலையை நீட்டினார். அவருடைய பெண்ணுக்கு அது தலைப்பொங்கல். புது மாப்பிள்ளைக்குப் பழைய அரிசியில் பொங்கல் வைக்கவேண்டியதாயிற்று என்று வருத்தப்பட்டார்.

"மறுபடி எப்பங்க ஓடும்?"

"பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் ஆகுமுங்க."

"ஓட ஆரம்பிச்சா, மறுக்காவும் இப்படி நிறுத்திப்போடுவீங்களா?"

சுற்றிய துணியின் முனையை முடிந்தேன்.

"நிறுத்த வேண்டியிருந்தா நிறுத்துவேனுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய் மாட்டைத் திருப்பினார்.