முதுகில் வைத்த கால்

செவ்வாய், காலை ஒன்பது மணி. எனக்கு முள்ளந்தண்டு மூட்டுத் தேய்வு என்றார் வைத்தியர். முதலில் பயிற்சியும் சூட்டு ஒத்தடமும்; குறையாவிட்டால் மூட்டில் ஊசி; சத்திரசிகிச்சை இப்போது வேண்டாம்.

சிகிச்சை அறையில் ஒத்தடத்தின் சூடு பட்டதும் சண்டிலிப்பாய் வீட்டு முற்றம் நினைவில் விரிந்தது. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து இடுப்புப் பிடித்த என் தகப்பன், ஐயா, சுடுமணலில் குப்புறப் படுத்திருந்தார். கால் முன்வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஊர் நம்பியது. என் சின்னம்மா அப்படிப் பிறந்தவர்; அவர்தான் ஐயாவின் முதுகில் ஏறினார்.

“மெல்ல மிதி, பிள்ளை!”

“கத்தாதேங்கோ அத்தான், மாடு வெருளுது!”

சிரிப்பில்தான் பிடிப்பு விட்டதோ, ஐயா எழுந்து உட்கார்ந்தார்.

சிகிச்சையளித்த பெண்ணிடம் கேட்டேன்: “மனுசி செத்து ஒரு வருசமாகுது; ஆட்டைத் திவசத்துக்கு நிலத்திலை காலை மடிச்சு இருப்பனோ?”

“ஓம் சேர், பயிற்சியைக் களவடிக்காமல் செய்தால் இருப்பியள்!”

இன்னும் செய்யாதவை: மாலைப் பயிற்சி, ஐயருக்குச் சொல்வது, அலுமாரியின் கீழ்த்தட்டிலுள்ள மனைவியின் சேலைகளைக் குனிந்து எடுப்பது.