பங்காளி தேடிக் கொமரலிங்கம் போன கதை

பொங்கலுக்குத் திருப்பூரில் தனியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை இருந்து பாருங்கள். செலவே இல்லாத சுற்றுலா. மற்ற நாளில் நடக்க இடமில்லாத ரோட்டில் கையை வீசிக்கொண்டு நடுவிலேயே போகலாம்.

நான் சொல்வது 1992 பொங்கல். பனியன் கம்பெனிக்குப் பத்து நாள் லீவு. அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது, பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். மதுரைக்காரன், தேனிக்காரன், திண்டுக்கல்காரன் எல்லாரும் போகிக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். "அண்ணே, நீங்க ஊருக்குப் போகலையா?" என்று கேட்டவனுக்கெல்லாம் ஒவ்வொரு ஊர் சொன்னேன். ஒருத்தனிடம் சிங்கப்பூர் என்றேன். கப்பலா பிளேனா என்று கேட்டான், நடந்துதான் என்றேன். பொங்கலன்று காலை பார்த்தால் ஏழு கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு என் கதவுக்கு வந்து சேர்ந்தேன்.

ஊர் இல்லாததுகூடப் பெரிதாக உறைக்காது. பங்காளி இல்லாததுதான் உறைக்கும். வேறு பக்கத்து ஆட்கள் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பங்காளி என்றால் அப்பன் வழியில் வந்த ஆண்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு அவர்களுக்கும் உண்டு. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குக் குடத்தோடு கூடப் போகிறவர்களும் அவர்கள்தான்.

1988 ஐப்பசியில் என் வீட்டுக்காரி சரசு போனாள். சடங்கு செய்ய வந்தவர், "பங்காளிங்க எல்லாம் நீர்மாலைக்கு வாங்க" என்று சத்தம் கொடுத்தார். வாசல் நிறைய ஆள். எல்லாரும் கம்பெனி ஆட்கள். ஒருத்தரும் அசையவில்லை. திண்டுக்கல்காரன் ஒருத்தன் மனசு கேட்காமல் குடத்தைத் தொட்டான். அது முறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருக்குழாய்க்கு நான் ஒருத்தனாகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். எங்களுக்கு ஒரே மகள். கரூரில் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் அந்த வீட்டுப் பிள்ளை. நாளைக்கு நான் போனால் அந்த ஒற்றை ஆளும் கிடையாது. சாகும் முன்னால் ஒரே ஒரு பங்காளியையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவன், மூன்று வருஷம் சோம்பேறியாக இருந்துவிட்டு அந்தப் பொங்கல் லீவில்தான் கிளம்பினேன்.

கையில் இருந்தது இரண்டு காகிதம். ஒன்று என் அப்பாவின் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தாள் பழுப்பாகிக் கிடந்தது. அடியில் 'இங்ஙனம்' என்று போட்டு சடையன், காளியப்பன், கொமரலிங்கம் என்று இருந்தது. கொமரலிங்கம் ஊர்ப் பெயர், சடையன் என் தாத்தா. காளியப்பன் யார் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் தாத்தாவோடு சேர்ந்து ஊரை அழைக்கிறவர் பங்காளியாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொன்று தாத்தா நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். நான் படித்தது அஞ்சாவது. சினிமாப் போஸ்டர் என்றால் நின்று நிதானமாகப் படிப்பேன். அந்தக் கூட்டெழுத்தைப் படிக்க என்னால் ஆகவில்லை. அப்பா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு பஞ்சு மில் வேலைக்குத் திருப்பூர் வந்தவர், எனக்கு விவரம் தெரியும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு அந்த ஊர்ப் பேச்சே பிடிக்காது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறேகாலுக்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் உடுமலை வண்டி ஏறினேன். பல்லடம் வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஆறு ரூபாய். தைப்பூச நேரம், வண்டி நிறையப் பழனிக்குப் போகிற கூட்டம். பச்சை வேட்டிகளுக்கு நடுவில் என் வெள்ளை வேட்டி மட்டும் தனியாகத் தெரிந்தது. கண்டக்டர் வந்து, "உங்குளுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். "அதைத் தேடித்தானுங்க போறேன், இப்போதைக்கு உடுமலைக்கு ஒண்ணு கிழிங்க" என்றேன். சிரிக்காமல் கிழித்துக் கொடுத்தார். பல்லடம் தாண்டினால் விசைத்தறிச் சத்தம், அப்புறம் வெறும் காடு, குடிமங்கலத்துக்கு மேல் காற்றில் ஈரம் தட்டும். ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

எட்டரைக்கு உடுமலை. பத்திர ஆபீஸ் லீவு. ஆனால் எதிரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருத்தர் கடையைத் திறந்து வைத்து, வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்து கொமரலிங்கத்தில் குடியிருக்கும் கருப்பன் குமாரன் சடையன், ஒன்றேகால் ஏக்கர் கிரயம் வாங்கியது. சாட்சி, மேற்படி ஜில்லாவிலிருந்து வந்து மேற்படி ஊரில் குடியிருக்கும் மூக்கன் குமாரன் காளியப்பன்.

பங்காளி கிடைத்துவிட்டார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"ஏனுங்க, அவசரப்படறீங்க? உங்க தாத்தனோட அய்யன் கருப்பன். இவரோட அய்யன் மூக்கன். அண்ணந்தம்பியே இல்லீங்களே."

"சித்தப்பன் பெரியப்பன் மக்களா இருக்கலாமுங்களே?"

"இருக்கலாமுங்க. ஆனா இவரு தேவகோட்டைப் பக்கம்னு போட்டிருக்கு, உங்க தாத்தன் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே சாமி கும்புடற ஆளுக மாதிரித் தெரியலீங்க."

படித்ததற்குக் காசு வேண்டாம் என்றார். கொடுத்திருந்தாலும் வயிற்றெரிச்சலோடுதான் கொடுத்திருப்பேன். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் திருப்பூரில் எனக்காகக் காத்திருப்பது ஏழு பூட்டு. அதற்குக் கொமரலிங்கமே பரவாயில்லை என்று அடுத்த பஸ்ஸில் ஏறினேன். இருபது கிலோமீட்டர், இரண்டு ரூபாய்.

கொமரலிங்கத்தில் இறங்கினால் வழியெல்லாம் தென்னையும் நெல்லும்தான். அமராவதி ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. கொம்புக்குப் பெயிண்ட் அடித்த மாடுகள் ரோட்டில் பெரிய மனுஷன் மாதிரி போய்க்கொண்டிருந்தன. சைக்கிள் கடையில் காளியப்பன் என்ற பெயரைச் சொன்னதும், "வேலுச்சாமி அண்ணனோட தாத்தனுங்களா? அவரு போயி ரொம்ப வருசமாச்சுங்க. ஊடு வாய்க்கால் ஓரமா கடைசி" என்று வழி காட்டினார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து அரைக் கிலோமீட்டர். நடந்தே போகலாம்.

வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீடு. பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து, ஒரு தோள்பையில் கற்பூரம், துண்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் வேலுச்சாமி. மறுநாள் விடியலில் ஊர்க்கூட்டத்தோடு பழனிக்கு நடைப்பயணம் கிளம்புகிறார். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தைப்பூசமும் விட்டதில்லை என்று பிறகு தெரிந்தது.

"வாங்க சாமி, ஆருங்க?"

நான் சடையன் பேரன் என்றேன். பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பது மாதிரி என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காது அப்படியே சடையத் தாத்தன் காதுதானுங்க" என்றார். "பல்லு மட்டும் யாருதுன்னு தெரியலீங்க."

"பல்லு திருப்பூர்ல காசு குடுத்து வாங்குனதுங்க" என்றேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சம்சாரம் பாப்பாத்தி அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்தார். நான் பத்திர எழுத்தர் சொன்னதைச் சொன்னேன். நாம் பங்காளி இல்லையாமே என்றேன். வேலுச்சாமிக்கு அது ஒரு சேதியாகவே படவில்லை. அவர் சொன்ன கதை இதுதான்.

சடையனும் காளியப்பனும் ஒரு பஞ்சத்தில் தெற்கே இருந்து நடந்து வந்தவர்கள். வழியில்தான் பழக்கம். சாதி ஒன்று, ஊர் வேறு, சாமி வேறு. இங்கே வந்து குடிசை போட்ட வருஷமே சடையனுடைய மூத்த குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பங்காளி இல்லாத சாவுக்கு உள்ளூரில் யாரும் முன்னால் வரவில்லை. காளியப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, "நாந்தான் பங்காளி" என்று சொல்லிக் குழந்தையைக் கையில் வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே தீட்டு. ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வீட்டிலும் பண்டிகை கிடையாது. பங்காளி ஆகிவிட்டதால் பெண் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

"இல்லாட்டி எந் தங்கச்சிய உங்குளுக்குத்தான் கட்டி வெச்சிருப்பாங்க" என்றார் வேலுச்சாமி. "தப்பிச்சீங்க. அது வாய் தொறந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

என் அப்பா செத்த சேதி மில்லில் வேலை பார்த்த யாரோ மூலமாக இங்கே வந்திருக்கிறது. காளியப்பன் மொட்டை போட்டிருக்கிறார். திருப்பூரில் எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் விலாசம் இவர்களுக்குத் தெரியவில்லை.

"ஊட்ல அம்மிணி வரலீங்களா?" என்று பாப்பாத்தி அடுப்படியிலிருந்து கேட்டார்.

சரசு போய்ச் சேர்ந்துவிட்டாள், மூன்று வருஷமாகிறது என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். பத்துத் தடவை யாரிடமாவது சொல்லிப் பழகின வாக்கியம் அது.

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாத்தி கொதிக்கிற காப்பியை இறக்கி வைத்து, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். வேலுச்சாமி எழுந்து கழுத்து மாலையைக் கழற்றினார். அதைச் சாமி படத்தில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். அவர் பின்னாலேயே பாப்பாத்தியும் போனார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டியில் வாளி முட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டின துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்கள்.

சாவு நடந்து எத்தனை நாளானாலும், சேதி காதில் விழுந்த அன்றைக்குப் பங்காளி தலைக்கு ஊற்ற வேண்டும். கேள்விப்பட்டிருக்கிறேன். யாரும் எனக்காகச் செய்து பார்த்ததில்லை.

"அண்ணா, மாலை போட்டிருக்கீங்க. அது நடந்து மூணு வருசமாச்சுங்க" என்றேன்.

"நான் இன்னைக்குத்தானப்பா கேட்டேன்" என்றார். அதுவரை வாங்க போங்க என்றவர். "ஒரு தந்தி குடுத்திருக்கக் கூடாதா தம்பி? தனியாவா தண்ணி எடுத்தே?"

பாப்பாத்தி வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஊத்திக்குங்க கொழுந்தனாரே."

எனக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒருத்தர் முதல் தடவையாக என்னைக் கொழுந்தனார் என்று கூப்பிடுகிறார். ஊற்றிக்கொண்டேன். தலையில் தண்ணீர் விழும்போது அழுதால் வெளியே தெரியாது, அது ஒரு வசதி.

சாயங்காலம் நடைப்பயணக் கூட்டம் வாசலில் வந்து நின்று, விடியலில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டது. வேலுச்சாமி வாசற்படியைத் தாண்டாமல் நின்று, "நீங்க போய்ட்டு வாங்க. எங்கூட்ல எழவு" என்றார்.

கூட்டத்தில் ஒருத்தர் பதறிப்போய் யாருங்க என்று கேட்டார்.

"எந் தம்பி பொண்டாட்டி" என்றார்.

அன்று ராத்திரி அங்கேயே படுத்தேன். அதற்குப் பிறகு ஆறு பொங்கலுக்குக் கொமரலிங்கம் போனேன். யாராவது ஊருக்குப் போகலையா என்று கேட்டால் போகிறேன் என்று நிஜமாகவே சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. ஏழாவது வருஷம் தந்தி வந்தது. கம்பெனியில் சொல்லிவிட்டுத் தெருக்குழாயடியில் பேண்ட் சட்டையோடு உட்கார்ந்து குளித்தேன். லைன் வீட்டுப் பெண்கள் எனக்கு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் அண்ணன் போய்விட்டார் என்றேன். உங்களுக்கு ஏதுங்க அண்ணன் என்று கேட்டார்கள்.

சரி, நீங்களும் இப்படிக் கிளம்புகிறீர்கள் என்றால் சில விஷயம். நான் சொன்ன டிக்கெட் விலையை வைத்துக் கண்டக்டரிடம் சண்டை போடாதீர்கள், அது அந்தக் காலம். பழைய பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தை விடாமல் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் 'இல்லை' என்று சொன்னாலும், பஸ்ஸுக்குக் காசு இருந்தால் அந்த ஊர் வரைக்கும் போய்விடுங்கள். தைப்பூச நேரத்தில் உடுமலைப் பக்கம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, சீக்கிரம் கிளம்புங்கள். போன இடத்தில் உங்கள் வீட்டுச் சாவுகளை மறைக்காமல் சொல்லுங்கள். பையில் ஒரு மாற்று வேட்டி கட்டாயம் இருக்கட்டும். நான் எடுத்துப் போகவில்லை. வேலுச்சாமி அண்ணனுடைய வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் திருப்பூர் வந்து சேர்ந்தேன். என்னைவிட அவர் அரை அடி உயரம்.