கெடு இல்லாத கையெழுத்து

திருமானூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைக்குச் சாயம் பூசியவர், மீசையை மட்டும் வெள்ளையாகவே விட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தார்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். மடியில் அன்றைய பாடம் இருந்தது. என்ன பாடம் என்று கேட்டார்.

"நாடாளுமன்றம் சட்டம் நிறைவேத்தினாலும் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேணுங்க. பிடிக்கலன்னா ஒரு தடவ திருப்பி அனுப்பலாம். அதையே மறுபடி நிறைவேத்தி அனுப்பினா மறுக்க முடியாது."

"நம்ம வூட்டுக் கதைதான் சார். கொள்ளிடக்கரை வயல விக்கணும்னு பசங்க வந்தானுங்க. யோசிங்கடான்னு திருப்பி அனுப்பினேன். மறுபடியும் கூடிப் பேசி அதையேதான் சொல்றானுங்க. இப்ப அரியலூர் பத்திர ஆபீஸ்ல எனக்காக நிக்கிறானுங்க." பேனா மூடியைத் திறந்தார். "எத்தன நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும்னு இருக்கா?"

"அப்படிக் கெடு எதுவும் எழுதலைங்க."

பேனாவை மூடிப் பையில் செருகினார். கீழப்பழுவூரில் பஸ் நின்றதும் எழுந்தார்.

"அரியலூர் இன்னும் வரலைங்களே," என்றேன்.

"நான் மாட்டேன்னு சொல்லலயே சார்," என்று இறங்கியவர், எதிரே நின்ற திருமானூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

இப்போதும் அந்தப் பாடம் நடத்தும்போது, பதவியில் யார் இருந்தாலும் சரி, என் மனக்கண்ணில் குடியரசுத் தலைவருக்கு வெள்ளை மீசைதான். அந்த வயல் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.