முப்பத்திரண்டாவது வாரத்து அளவு

அந்தத் தெருவில் அவளுக்கு ‘அரை இஞ்ச்’ என்று பேர். கேட்ட அளவை அப்படியே தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற பிறவி இல்லை அவள். இடுப்பில் அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பேன், அடுத்த மாசம் நீயே பிரிக்கச் சொல்லி வருவாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் அசடு வழியத் திரும்பி வருவார்கள். ஒற்றை அறைக் கடையில் பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று பதினெட்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில் உண்டானாள். முன்னால் இரண்டு தரம் உண்டாகித் தங்கவில்லை. இந்தத் தடவை புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா முதலில் கேட்டது, கடைசி மாதவிலக்கு என்றைக்கு என்று. மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். இவள் பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்தாள். நாற்பத்தாறு செட் சீருடையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்த அன்றைக்குத்தான் வயிற்றுவலியோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். தேதி கையோடு இருந்தது. அந்த நாளிலிருந்துதான் வாரக் கணக்கு என்றாள் நர்ஸம்மா. கரு உண்டாவது இரண்டு வாரம் பின்னால்தான், ஆனால் அந்த நாளை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. பஸ் டிப்போ மெக்கானிக்கான கணவனுக்கு இது பிடிபடவே இல்லை. முதல் இரண்டு வாரம் தன்னைக் கேட்காமலே கணக்கு ஓடியிருக்கிறது என்று வாரம் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் மாத ஸ்கேனில் பிள்ளையைத் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தபோதும் அதே கணக்கு வந்த பிறகுதான் வாயை மூடினான்.

ஏழாம் மாதத்திலிருந்து டேப்பால் அளந்தார்கள். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் மேல் விளிம்பு வரை. எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இருபத்தெட்டாவது வாரம் கொஞ்சம் குறைந்தது. பார்க்கலாம் என்றாள் நர்ஸம்மா. முப்பத்திரண்டாவது வாரம் இருபத்தொன்பதுதான் வந்தது. நர்ஸம்மாவின் முகம் மாறியது.

“பிள்ளை வளர்ச்சி கம்மியா இருக்குமோன்னு தோணுதும்மா. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துடு.”

தேதி தப்பாக இருக்கும் என்று கணவன் சமாதானம் சொன்னான். தேதி தப்பில்லை என்பதுதான் அரை இஞ்சின் பயமே. நோட்டும் சொல்கிறது, முதல் ஸ்கேனும் சொல்கிறது. அப்படியானால் பிள்ளைதானே குறைய வேண்டும்? இந்தப் பிள்ளையும் தங்காதோ என்கிற நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் இடது காலாகவே வெட்டி வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் நடக்காதது.

வெட்டின லட்சணத்தைப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்தது. கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கணவனிடம் கொடுத்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, எங்கே வைத்து எங்கே முடிக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். அவன் அளந்தான். முப்பத்திரண்டு. ஒழுங்காகப் பிடிக்கத் தெரிகிறதா என்று திட்டி, மறுபடி அளக்கச் சொன்னாள். மூன்று தரமும் முப்பத்திரண்டு. மறுநாள் காலை ஸ்டீல் ஸ்கேலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்தில் போய் நின்றாள்.

நர்ஸம்மா லேசுப்பட்டவள் இல்லை. தையல்காரி வந்து தனக்குப் பாடம் எடுப்பதா என்று முறைத்தாள். அரை இஞ்ச் பேச்சை வளர்க்காமல் இரண்டு டேப்பையும் மேஜையில் நீட்டி, நடுவில் ஸ்கேலை வைத்தாள். ஸ்கேலில் முப்பது சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் அவள் டேப்பிலும் முப்பது. நர்ஸம்மாவின் டேப்பில் இருபத்தேழு.

“இதை என்ன பண்ணுறீங்க நீங்க?”

என்ன பண்ணுவாள், சுத்தக்காரி! தினமும் சாயங்காலம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, சுருண்டுகொள்ளாமல் காய வேண்டும் என்று நுனியில் அலமாரிப் பூட்டைக் கட்டித் தொங்கவிடுகிறாள். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பூட்டு இழுத்து, டேப் வருஷக்கணக்காக நீண்டுகொண்டே வந்திருக்கிறது. நர்ஸம்மா தையல்காரியைப் படுக்க வைத்து அவள் டேப்பாலேயே அளந்தாள். இன்னொரு தரம் அளந்தாள்.

“முப்பத்திரண்டு” என்றாள்.

அரை இஞ்ச் விம்மி விம்மி அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது; உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. திங்கட்கிழமை ஸ்கேனையும் எடுத்துவிடு, என் மனசு நிம்மதிக்கு என்றாள் நர்ஸம்மா. எடுத்தால் போயிற்று என்றாள் இவள்.

அப்புறம் நர்ஸம்மா பதிவேட்டைத் திறந்தாள். அந்த மாதத்தில் மட்டும் ஏழு பேர்களுக்கு எதிரே ‘அளவு குறைவு’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஏழு வீட்டிலும் என்ன பாடு பட்டுக்கொண்டிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பயந்த குரலில் யாரு என்று கேட்டதும் நர்ஸம்மா போனைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

“பயப்படாதம்மா” என்றாள் அரை இஞ்ச். “இன்னைக்கே வா, திரும்ப அளந்துடலாம். உன் பிள்ளை குறைஞ்ச மாதிரி தெரியலை. எங்க டேப்தான் நீண்டுபோச்சு.”