உருக்காத வெண்கலம்

சொந்தத் தொழில் தொடங்கி, முதலில் செய்த சரக்கு கையிலேயே உதிர்ந்து விழுந்த அனுபவம் உள்ளவர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் நானும் தம்பி முருகனும் மோட்டார் தண்டு உள்ளே நின்று சுழலும் வெண்கல வளையங்கள் செய்தோம், புஷ் என்பார்கள். லேத்தில் கடையும்போது உதிரும் வெண்கலச் சீவலை உருக்குவதில்லை. மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சுட்டால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு, தண்டு வழுக்கிச் சுழல எண்ணெயில் ஊறவைப்போம்.

சீவல் வேட்டை

லேத் பட்டறைகளில் இரும்பும் வெண்கலமும் ஒரே குவியலாகக் கிடக்கும். இரும்பு கலந்தால் எங்களுக்கு ஆகாது. பிரித்துப் போடச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வெண்கலம் கடையும் லேத்துக்கு அடியில் நானே ஒரு டின்னை வைத்தேன். தினமும் போய், சிதறியதையும் கூட்டி அள்ளினேன். பட்டறை அண்ணாச்சி கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குப்பைக்குப் போயி கோயில் உண்டியல் மாதிரி டின்னு வச்சிருக்கியே தாயி, ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

முதல் சூளை

கரித்தூளில் புதைத்துச் சுட்ட பெட்டியை ஆசையாகத் திறந்தோம். தொட்டதும் புஷ் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தன. சீவலில் ஒட்டியிருந்த லேத் எண்ணெயை நாங்கள் சரியாகக் கழுவாததால் துகள்கள் பற்றவில்லை. அப்போதே அடுப்பில் தண்ணீர் வைத்து, சோடா உப்பைப் போட்டு, மீதிச் சீவலைக் கொட்டிக் கழுவ ஆரம்பித்தேன். உதிர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு முருகன் சொன்னான்: "எக்கா, இதுல தேங்காயும் சீனியும் போட்டா புட்டுக்கு ஆவும்."

திருச்செந்தூர் கிரைண்டர்

அடுத்த சூளையில் சில புஷ்கள் தேறின. வாங்கத்தான் ஆளில்லை. அப்போது திருச்செந்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சொல்லி அனுப்பினார். இட்லிக் கடை செல்லம்மாவின் கிரைண்டர் மோட்டாரில் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த அளவு எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் திருவிழாக் கூட்டம். பானை பானையாக அரிசி ஊறிக் கிடக்கிறது.

தேறியவற்றில் அந்த அளவு ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஓடினோம். மெக்கானிக் எங்கள் புஷ்ஷை நகத்தால் சுரண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மாட்டுங்க, நின்னா நான் ஆட்டுரல்ல அரைச்சுக் கொடுக்கேன்" என்றேன். மாட்டினார். கல் சுழன்றது. கடைசிப் பானை அரிசி மாவாகும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. செல்லம்மா தட்டில் இட்லியோடு வந்து நின்றார்: "நீ மொறைக்க மொறைப்புக்கே அது பயந்து சுத்தும், பைய எந்திரிச்சு வந்து ஒரு வாய் தின்னு தாயி."

அந்த புஷ் திருவிழா முழுக்கத் தாங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றில் சில உடையத்தான் செய்தன, உத்தரவாதமாக உடையாமல் ஓடியது அக்காவும் தம்பியும்தான்.