இருதயராஜ் சாரின் சைனா மெஷின்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மெஷின் இருமத் தொடங்கும். மரம் அறுக்கும் செயின்சா. அறுப்பதற்கு மரம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. "ஓடாம கெடந்தா கார்புரேட்டர் அடைச்சுக்கும், டாக்டரே" என்று பேராசிரியர் இருதயராஜ் சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொல்வார். ஏன் என்று நான் கேட்டிருக்க மாட்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் வரவில்லை. ஏழேகால் ஆனது, ஏழரை ஆனது. காக்கை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது. நான் காபியை நிதானமாக ஆற்றிக் குடித்தபடி, "ஒருவழியா அந்தச் சனியன் போய்ச் சேர்ந்துடுச்சு போலிருக்கு" என்று மனைவி வசந்தாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருக்கிறதே என்று வசந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"மெஷின் இல்லைங்க," என்றாள். "அவர்தான்."

தூக்கத்திலேயே போய்விட்டார்.

நம் கல்லூரியில் ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் செய்தி மடலுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லதாகவே எழுதும்படியும் கேட்டுக்கொண்டார்கள். இந்த இரண்டாவது வேண்டுகோள் வேறு யாருக்கும் விடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எனவே எல்லோருக்கும் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நானும் அவரும் பொருளாதாரத் துறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அலுவலகத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். இருவர் கையிலும் ஜெராக்ஸ்தான் இருந்தது. நான் லால்குடிக்கு பஸ் ஏறி, வீட்டுப் பீரோவைத் திறந்து, ஒரிஜினல்களை எடுத்துக்கொண்டு, மறுபடி பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டேன். அதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. இருதயராஜ் கிளார்க்கிடம், "நாளைக்குக் கொண்டாந்துடறேங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி முற்பகலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னை அனுப்பிய அதே கிளார்க். துறைத் தலைவர் பதவி காலியானபோது முனைவர் பட்டம் பெற்றவன் நான். அரை நாள் சீனியர் அவர். பதவி அவருக்குப் போனது. அவர் ஓய்வு பெற்றபோது எனக்கு வந்திருக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்துத் தலைமையைச் சுழற்சி முறைக்கு மாற்றி, இளையவர்களிடமிருந்து சுழற்றத் தொடங்கினார்கள். அது இன்னும் என் பக்கம் வரவில்லை.

"அந்த ஒரிஜினலைக் கடைசியில கொடுத்தீங்களா, இல்லையா?" என்று அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"எந்த நாளைக்குன்னு நான் சொல்லவே இல்லையே, டாக்டரே" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஆசிரியர்களாகச் சேர்ந்து மனை வாங்கியபோதும் சீனியாரிட்டிப்படிதான் ஒதுக்கினார்கள். அவருக்கு மூலை மனை, எனக்கு அதற்கு அடுத்தது. அவருடைய சத்தத்தை எல்லாம் நான் கேட்டுக்கொண்டு வாழ நேர்ந்தது இப்படித்தான்.

அவருக்கு மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு மாந்தோப்பு. எனக்கு லால்குடியில் கொஞ்சம் தென்னையும் தேக்கும். ஓர் ஆடிக் காற்றில் இரண்டு இடத்திலும் மரங்கள் சாய்ந்தன. ஆள் வைத்து அறுக்கக் கேட்ட கூலியில் மிரண்டு இருவரும் ஆளுக்கொரு மெஷின் வாங்கத் தீர்மானித்தோம். நான் முறையான டீலரிடம் போய்ப் பெயர்பெற்ற கம்பெனி மெஷின் வாங்கினேன். வாரண்ட்டி அட்டை, ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். அவர் காந்தி மார்க்கெட் பக்கம் எங்கோ நுழைந்து, பார்ப்பதற்கு அச்சு அசலாக என் மெஷினைப் போலவே இருந்த ஒரு சைனா மெஷினைக் கோணிப்பையில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். விலை, என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அதே ஆரஞ்சு, அதே பார், அதே செயின்," என்றார்.

"ஆரஞ்சு உங்க கையில ஒட்டியிருக்கு," என்றேன்.

கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மெஷினில் இருந்த எல்லா ஸ்குரூக்களையும் ஒவ்வொன்றாக முடுக்கினார். அரைகுறையாகத்தான் முடுக்கி அனுப்பியிருந்தார்கள். "நூத்துக்குத் தொண்ணூறு வேலையை அவன் பண்ணிட்டான். மிச்சம் பத்தை நாம பண்ணிக்கணும். அதுக்குத்தான் விலையைக் குறைச்சிருக்கான்" என்றார். தோற்றுக்கொண்டிருக்கும் கட்சியின் பேச்சாளரைப் போல அப்படியொரு உற்சாகம் அவரிடம் எப்போதும் இருந்தது.

அந்தப் பத்து வேலை முடியவே இல்லை. பெட்ரோல் குழாய் வெடித்து மாற்றினார். செயினுக்கு எண்ணெய் விடும் பம்ப் எண்ணெயைச் செயினுக்கு விடாமல் அவர் வீட்டுத் தரைக்கு விட்டது. கை நழுவினால் செயினை உடனே நிறுத்த வேண்டிய பிரேக், யோசித்து நிறுத்தியது. இதைப் பற்றி நான் வேடிக்கையாகப் பேசவில்லை. "சார், இது உயிர் சமாச்சாரம்" என்று கத்தினேன். அவர் மெஷினை அணைத்துக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிறு பார்த்தால் பிரேக்கும் செயினும் கம்பெனி ஒரிஜினல்.

"அப்ப ஒத்துக்கிறீங்க?" என்றேன்.

"பிரேக்கை ஒத்துக்கிறேன். செயினை ஒத்துக்கிறேன். மெஷினை ஒத்துக்க மாட்டேன்."

நான் எதிர்பார்த்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். 'நீங்க சொன்னது சரி' என்று ஒருமுறை, சாட்சி வைத்துக்கூட வேண்டாம், சுவருக்கு மேல் சொன்னால் போதும். அதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காபியோடு சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். நான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஸ்டார்ட்டர் கயிற்றை உள்ளே சுருட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் துள்ளிப் பறந்து, சுவரைத் தாண்டி, என் டம்ளருக்குள் விழுந்தது.

"டாக்டரே, நம்ம ஸ்பிரிங் அங்க வந்துச்சா?"

"என் காபியில இருக்கு."

"சக்கரை போட்டதா?"

சுவர்மீது ஏறி உட்கார்ந்து, ஸ்பிரிங்கை எப்படி மறுபடி உள்ளே அடக்குவது, கயிற்றை எந்தப் பக்கம் சுற்றுவது, சுற்றும்போது கட்டை விரலை எங்கே வைப்பது என்று எனக்குக் காட்டிக்கொண்டே செய்தார். எனக்கு எதற்கு இது என்று கேட்டேன். "குறை சொல்றவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்ல" என்றார்.

என் மெஷின் இந்தத் தொல்லை எதையும் கொடுக்கவில்லை. அதற்கு நான் வாய்ப்பும் கொடுக்கவில்லை. கீறல் விழுந்துவிடும் என்று தோப்புக்கு அதிகம் கொண்டு போகவில்லை. பெட்டியிலேயே, டேங்கில் பழைய பெட்ரோலோடு இருந்தது. போன வருஷம் எடுத்து இழுத்தபோது அசையவில்லை. "கொடுங்க, கார்புரேட்டரைக் கழுவித் தரேன்" என்றார். வாரண்ட்டி போய்விடும் என்றேன். வாரண்ட்டியே போய் எத்தனை காலமாயிற்று என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அரியமங்கலம் பக்கத்தில் இருந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பார்ட் கம்பெனியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கேட்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் அவர் இறந்தார்.

பெங்களூரிலிருந்து மகள் வரவேண்டியிருந்ததால் மறுநாள் திங்கட்கிழமை நான்கு மணிக்குச் சர்ச்சில் பூசை, பிறகு கல்லறை என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை மதியம் மழையோடு ஒரு காற்று அடித்தது. எங்கள் தெரு முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து தெருவின் குறுக்கே, ஒரு மதிலிலிருந்து எதிர் மதில் வரை படுத்துக்கொண்டது. தெருவுக்கு வேறு வழி கிடையாது. அமரர் ஊர்தி கிளைக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்தது. மாநகராட்சிக்குப் போன் செய்தால், ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, வரிசைப்படிதான் வருவோம் என்றார்கள். சர்ச்சில் ஃபாதர் காத்திருந்தார்.

"பெட்டியத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் வாசலுக்கு வந்தார். "அவரச் செவுரு ஏறிக் குதிச்சுப் போறவர் மாதிரி அனுப்பாதீங்க," என்றார்.

எதிர் வீட்டு பாலு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், என் பக்கம் திரும்பினார். "கோபாலன் சார், உங்ககிட்ட கம்பெனி மெஷின் இருக்குல்ல?"

"சர்வீஸ்ல இருக்கு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. சாவு வீடு என்பதற்காக அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குள் டீச்சர் உள்ளே போய் அந்தச் சைனா மெஷினையும் டூல்ஸ் பையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்சவர் உங்களைத் தவிர இங்க யாரும் இல்ல, சார்."

"எனக்கா? நான் இதைத் தொட்டதே இல்லைங்க."

"தொட்டதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம உக்காந்து பாத்தீங்களே."

வீட்டுக்குப் போய் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வந்தேன். என் ஒரிஜினலில் அப்போது கைவசம் இருந்தவை அவை மட்டும்தான். சோக்கை இழுத்து, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தேன். ஒரு முறை இருமியதும் சோக்கைப் பாதி தள்ளி மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. தெருவே அசந்து பார்த்தது. கிளையில் இறங்கினேன். மரத்தூள் முகத்தில் அடிக்க, வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது. பாதி தூரம் போனதும் கிளை அழுந்தி, செயின் ஓடும் பார் மாட்டிக்கொண்டு மெஷின் நின்றது. அது கிளையின் குற்றம். கடப்பாரையால் நெம்பி பாரை விடுவித்து, மறுபடி கயிற்றை இழுத்தேன். கயிறு அறுந்து கையோடு வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்தேன். இது மெஷினின் குற்றம். சந்தேகமே இல்லாமல், தெருவே பார்க்க, மெஷினின் குற்றம்.

அறுந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், அவர் வீட்டுப் பக்கம் திரும்பினேன். "பாத்தீங்களா?" என்று வாய்வரை வந்துவிட்டது. திறந்திருந்த வாசல் வழியாகக் கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனை தெரிந்தது.

இத்தனை வருஷம் காத்திருந்து, நான் சொன்னது சரி என்று ஆன நாளில், அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

பாலு மெதுவாகக் கேட்டார்: "சார், வேற ஏதாவது வழி பாக்கலாமா?"

"வேற வழி எதுக்கு? கயிறுதானே? மாத்திக்கலாம்," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது.

டீச்சரிடம் துணி காயப்போடும் நைலான் கொடியைக் கேட்டேன். அவரே அவிழ்த்துக் கொண்டுவந்தார். ஸ்குரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங் துள்ளப் பார்த்தது. கட்டை விரலை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தேன். கொடிக் கயிற்றைக் கோத்து, முடிச்சுப் போட்டு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டுமோ அந்தப் பக்கம் சுற்றினேன். என் சொந்த மெஷினின் மூடியை நான் இன்றுவரை திறந்ததில்லை. இருதயராஜின் மெஷின் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

மூடியை மாட்டிவிட்டு, அதனிடம் கொஞ்சம் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். இழுத்தேன். ஓடியது. கிளை இரண்டாகி விழுந்தது. ஆட்கள் இழுத்து ஒதுக்கினார்கள். இருதயராஜ் நடுத்தெரு வழியாக, ஊர்தியில், முறையாகப் போனார். சர்ச்சுக்குத் தாமதம்தான். அவர் வகுப்புக்கு என்றைக்கு நேரத்துக்குப் போனார்?

கல்லறை வாசலில் பாலு என்னிடம் கேட்டார்: "சார், நானும் ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்? கம்பெனியா, சைனாவா?"

மடலைப் படிக்கும் நண்பர்களில் தோப்பு வைத்திருப்பவர்கள் பலர் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கயிறு அறுந்தது, நான் சொன்னது சரி. நடுத்தெருவில் உட்கார்ந்து கொடிக் கயிற்றால் அதைச் சரிசெய்ய முடிந்தது. அவர் சொன்னதும் சரி. சைனா மெஷின் என்பது முக்கால் மெஷின். மிச்சக் கால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் பிரித்து மாட்டும் ஒரு மனிதர். பிரேக்கிலும் செயினிலும் காசு பார்க்காத மனிதர். நீங்கள் அப்படிப்பட்டவராக இருந்தால், அல்லது அப்படிப்பட்டவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், தைரியமாகச் சைனா வாங்குங்கள். இல்லையென்றால் கம்பெனி மெஷினையே வாங்குங்கள். அந்த அதிக விலை, அவரைப் போன்ற ஓர் ஆள் உங்களுக்கு இல்லாததற்கான விலை. பாலு கம்பெனி மெஷின்தான் வாங்கினார்.

என்னுடையதும் சர்வீஸிலிருந்து வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். நான் இழுத்துப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் கொடுத்த சைனா மெஷினை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்கிறேன். ஓடாமல் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வசந்தா காதைப் பொத்திக்கொள்கிறாள். நைலான் முடிச்சு இன்னும் விடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அந்த மெஷினும் என் பழைய மனத்தாங்கலும். இரண்டையும் விடுவதாக இல்லை. இந்த முறையும் அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். அங்கேயும் வாசலில் ஒருவர் உட்கார்ந்து ஒரிஜினல் கேட்டிருப்பார். "நாளைக்குக் கொண்டாந்துடறேங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி இவர் உள்ளே போயிருப்பார். என்னைத்தான் வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்வார்கள். நான் போய்ச் சேர எப்படியும் பிற்பகல் ஆகிவிடும்.